ஜெராக்ஸ் அக்காவின் குறுக்குக்கோடு

பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், பல் மருத்துவருக்கும் சாவி செய்கிறவருக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது ஜெராக்ஸ் அக்காவின் கடை. எட்டடி அகலம். அதற்குள் ஒரு பெரிய ஜெராக்ஸ் இயந்திரம், ஒரு கணினி, ஒரு ஸ்டூல், ஒரு மின்விசிறி, அக்கா. ஐந்தில் ஒன்று நகர்ந்தால்தான் இன்னொன்று நகர முடியும். பத்தொன்பது வருடமாக இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை, மின்விசிறியைத் தவிர.

அந்தக் கடைக்கு வராத காகிதம் கிடையாது. பிறப்புச் சான்றிதழ், விவாகரத்து மனு, ரத்தப் பரிசோதனை, வீட்டுப் பத்திரம். ஒருமுறை காதல் கடிதம்கூட வந்தது. கொடுப்பதற்கு முன் ஒரு நகல் கையில் இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டு போனார் அந்த முன்ஜாக்கிரதைக்காரர். இத்தனையையும் தொட்ட கை அக்காவுடையது, ஆனால் படித்த கண் அவருடையது அல்ல. கண்ணாடிமேல் படுக்கவைத்த காகிதத்தை அக்கா படிக்கமாட்டார். நான்கு மூலையும் நேராக இருக்கிறதா, முத்திரை முழுசாக விழுகிறதா, கையெழுத்து வெட்டுப்படாமல் வருகிறதா, தேதி தெரிகிறதா, அவ்வளவுதான். நடுவில் இருப்பது கொண்டுவந்தவருடைய சங்கதி. இது அக்கா தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். நாளாக ஆக அது சட்டமாகக்கூட இல்லை, கண்ணுக்கே பழக்கமாகிவிட்டது. வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட ஓரத்தைத் தடவிப் பார்த்து, "பார்டர் நல்லா விழுந்திருக்கு" என்பார். மாப்பிள்ளை யாரென்று பேருந்து ஓட்டிவிட்டு வரும் கணவர்தான் படித்துச் சொல்லவேண்டும்.

அப்படிப்பட்டவர் செய்தி எழுதுகிறவராக ஆனது ஒரு பள்ளத்தால். பேருந்து நிலைய வாசலில் குழாய் போடத் தோண்டிய பள்ளம் ஒன்பது மாதம் அப்படியே கிடந்தது. அக்கா நாளிதழின் வாசகர் பகுதிக்குப் பதினான்கு கடிதம் எழுதினார். ஒன்றுகூட வரவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் விடுமுறையில் வந்தபோது, "அவங்க போடலேன்னா நீயே போட்டுக்கோயேன்மா" என்று சொல்லி ‘தெருமுனை’ என்று ஒரு வலைப்பதிவு தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அக்கா தினமும் பள்ளத்தைப் படம் எடுத்து, இன்று முதல் நாள், இன்று இரண்டாம் நாள் என்று போட்டுக்கொண்டே வந்தார். இருபத்து மூன்றாம் நாள் நாளிதழில் அந்தப் பள்ளம் வந்தது, ‘நமது நிருபர்’ என்ற பெயரோடு. இருபத்தாறாம் நாள் பள்ளம் மூடப்பட்டது. ஊரே நாளிதழைப் பாராட்டியது. அக்கா அந்தச் செய்தியை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி, அட்டையில் ‘களவு’ என்று எழுதி வைத்தார்.

ஏழு வருடத்தில் அந்த நோட்டு நான்கு நோட்டாகிவிட்டது. தினமும் காலை கடை திறக்குமுன் அக்கா ஒரு சுற்று நடப்பார். எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, எங்கே நாளைக்குத் தண்ணீர் வராது, யாருடைய பூனை காணோம், யார் வீட்டில் சாவு என்று கண்ணால் பார்த்ததைப் போடுவார். மறுநாள் அதில் பாதி நாளிதழில் இருக்கும். ‘அப்பகுதி மக்கள் கூறுகின்றனர்’ என்று எழுதியிருப்பார்கள். கணவர் காலையில் நாளிதழை விரித்துவைத்துக்கொண்டு, "இங்க பாரு, அப்பகுதி மக்கள் என்னமோ சொல்றாங்களாம். ஏம்மா அப்பகுதி மக்கள், இன்னும் டீ வரல" என்பார். அக்கா கோபமாகத்தான் கத்தரிக்கோலை எடுப்பார். ஆனால் வெட்டும்போது ஓரம் ஒரு நூல்கூடப் பிசகாது. கோபத்துக்குள்ளே கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை அவர் ஒத்துக்கொள்ளமாட்டார், நான் சொல்கிறேன்.

‘தெருமுனை’க்கு ஒரு வழக்கம் உண்டு. தப்பாகப் போட்டுவிட்டால் அக்கா அதை அழிக்கமாட்டார். எழுத்தின் குறுக்கே ஒரு கோடு. தப்பு அப்படியே தெரியும். கீழே சரியானது, எத்தனை மணிக்குத் திருத்தியது, கடைசியில் ‘தப்பு என்னுடையது’. அழித்துவிட்டால் முதலில் படித்தவன் தான்தான் தப்பாகப் படித்துவிட்டோம் போல என்று குழம்புவான், அந்தப் பாவம் எதற்கு என்பது அவர் கட்சி.

களவாணியும் அக்காவுக்கு வேண்டாதவர் இல்லை. நாளிதழின் நிருபர் முப்பது வயதுக்காரர், கண்ணாடி உடைந்த ஹெல்மெட், எப்போதும் வெயிலில் வாடிய முகம். மூன்று பகுதிகளுக்கு அவர் ஒருவர்தான். தினமும் நான்கரை மணிக்கு அக்கா கடைக்கு வருவார், அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்து, அக்காவின் கணினியில், அக்காவின் பதிவைப் படித்து, கொஞ்சம் மாற்றி எழுதி, அக்காவின் இணையத்திலேயே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, அக்கா வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்துவிட்டுப் போவார். "தம்பி, ஒரு நாளாவது தெருமுனைன்னு போடேன்" என்று அக்கா கேட்பார். "போடணும்க்கா, போடணும்" என்பார் அவர். ஏழு வருடமாகப் போடணும்தான்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் அக்கா வங்கிக்குப் போய்விட்டு வரும் வழியில் பேக்கரி ஷட்டரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருப்பதைப் பார்த்தார். பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் பிள்ளை பெற்ற மகளைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தார்கள். அக்காவுக்கு அது தெரியாது. ‘செவ்வாய் திறப்போம்’ என்று பேக்கரிக்காரர் சாக்பீஸால் எழுதிவைத்த இடத்தின் மேலேயே அதிகாரிகள் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். தலைப்பில் ‘சீல் வைப்பு அறிவிப்பு’. கதவு எண் பன்னிரண்டு. அது பேக்கரியின் எண்தான். முத்திரை முழுசாக விழுந்திருந்தது. கையெழுத்து இருந்தது. தேதி அன்றைய தேதி. அக்கா கைபேசியை நேராகப் பிடித்து நான்கு மூலையும் அடங்கப் படம் எடுத்தார். கடைக்கு வந்து, ‘பேக்கரிக்கு இன்று சீல் வைக்கப்பட்டது, காரணம் தெரியவில்லை’ என்று போட்டார். அப்போது மணி மூன்றரை.

நான்கரைக்கு நிருபர் வருவதற்குச் சற்று முன்பு மெத்தை வியாபாரி வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "அக்கா, இதுல மூணு காப்பி போடுங்க, வக்கீலுக்குக் குடுக்கணும்" என்று ஒரு காகிதத்தைக் கண்ணாடிமேல் வைத்தார். அக்கா நான்கு மூலையைப் பார்த்தார். அதே முத்திரை. அதே கையெழுத்து. அதே தேதி. கை மூடியை மூடப்போய் அப்படியே நின்றுவிட்டது. பத்தொன்பது வருடத்தில் முதல்தடவையாக அக்கா வாடிக்கையாளரின் காகிதத்தில் நடுவே இருந்ததைப் படித்தார். ‘மேற்படி கட்டடத்தின் மேல்தளத்தில் இயங்கும் மெத்தைக் கிடங்கு, தீத்தடுப்பு வசதி இன்மையால்’ என்று இருந்தது.

"மாடியா?" என்றார் அக்கா.

"மாடிதான். மாடிப்படிக்குக் கதவு இல்லைன்னு நோட்டீஸக் கீழ ஷட்டர்ல ஒட்டிட்டுப் போயிட்டாங்க. பாவம், அந்த பேக்கரிக்காரர் வந்து என்னைத்தான் திட்டப்போறாரு."

அதே நேரம் நிருபர் வந்து இறங்கினார். "கடையப் பாத்துக்க தம்பி, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். மாடியேறிப் பார்த்தார். அரக்கு வைத்த பூட்டு கிடங்குக் கதவில்தான் தொங்கியது. இறங்கி வந்து ஷட்டர் அறிவிப்பை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படித்தார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, போட்டதன் குறுக்கே கோடு போட்டு, சரியானதை எழுதி, ‘மாலை 5.10, தப்பு என்னுடையது’ என்று முடித்தார். ஸ்டூல் காலியாக இருந்தது. நிருபர் போய்விட்டிருந்தார். போகுமுன் ஐந்து மணிக்கு, அதே ஸ்டூலில் உட்கார்ந்து, பேக்கரிச் செய்தியை நாளிதழுக்கு அனுப்பியிருந்தார்.

அக்கா உடனே அவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். "ஐயையோ, சரிக்கா, நான் சொல்லிடறேன்" என்றார் நிருபர்.

சொல்லவில்லை. மறுநாள் மூன்று பத்தி அகலத்தில் வந்தது: ‘சுகாதாரக்கேடு: பேக்கரிக்கு சீல்’. கீழே, ‘நமது நிருபர் நேரில் சென்று பார்த்தபோது கரப்பான் பூச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன.’ மூடிய ஷட்டருக்குள் ஓடிய கரப்பான் பூச்சியை எந்தக் கண்ணால் பார்த்தாரோ தெரியாது. அக்காவின் ஒரு வரிச் செய்தி பத்தி நிரம்பப் போதாமல் அவராகக் கைச்சரக்கைச் சேர்த்திருந்தார்.

அன்று அக்கா கத்தரிக்கோலை எடுக்கவில்லை. பேக்கரிக்காரருக்குப் போன் செய்து, யாரோ சொல்லித் தெரிவதற்கு முன் தானே சொன்னார். "அண்ணே, முதல்ல தப்பாப் போட்டது நான்தான்." அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் மட்டும் கேட்டது. சனிக்கிழமையே அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஷட்டரைத் திறந்தார்கள், அடுப்பைப் பற்றவைத்தார்கள். வழக்கமாக வரிசை நிற்கிற கடையில் நான்கு பேர் வந்தார்கள், அதில் மூன்று பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியை ஆள் அனுப்பி, பதினொரு மணி இடைவேளைக்குத் தினமும் வாங்கும் நூற்றெழுபது பன் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் சாப்பிடுவதாயிற்றே, அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பன்தான் கடையைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அக்கா போய் நின்றபோது பேக்கரிக்காரர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

திங்கட்கிழமை காலை நிருபர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார்.

"ஏன் தம்பி, போன் பண்ணிச் சொல்லலையா நீ?"

"எப்படிக்கா சொல்லுவேன்? தப்புன்னு சொன்னா, நேர்ல போனேன்னு எழுதினியேன்னு கேப்பாங்க. பக்கம் முடியறதுக்கு முக்கால் மணி நேரம் இருந்துச்சு. போனக் கையில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்."

அக்கா இயந்திரத்தை அணைத்தார். மின்விசிறியை நிறுத்தினார். "கிளம்பு. உங்க ஆபீசுக்குப் போகலாம்."

"அக்கா, வேலை போயிடும்க்கா."

"உன்னைப் பத்திச் சொல்ல நான் வரல. என் தப்பச் சொல்ல வர்றேன். கரப்பான் பூச்சி உன்னுது, அத நீ சொல்லு."

ஏழு வருடமாகத் தன் செய்தி தினமும் போய்ச்சேர்ந்த இடத்துக்கு அக்கா அன்றுதான் முதல்முறையாகப் போனார், திருடியவருடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்து. மடியில் ஒரு பை. அதில் கோடு போட்ட பதிவின் நகல்கள். நான்கு களவு நோட்டுகளையும் எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே திணித்திருந்தார்.

செய்தி ஆசிரியர் அக்காவைவிடப் பத்து வயது சின்னவர், பெண். தொண்டை கட்டி ஒரு வாரமாகக் குரல் போய், குசுகுசுவென்றுதான் பேச முடிந்தது. அவரோடு பேசிப் பேசி அந்த அறையில் எல்லோருமே குசுகுசுக்கத் தொடங்கியிருந்தார்கள். உள்ளே போன இரண்டாவது நிமிடம் அக்காவும் குசுகுசுத்தார்.

நகல்களைப் பார்த்துவிட்டு ஆசிரியர் நிருபரை நிமிர்ந்து பார்த்தார். நிருபர் நின்றுகொண்டே, "நான் போகல மேடம். கரப்பான் பூச்சியும் நானா எழுதினதுதான். அக்கா அஞ்சேகாலுக்கே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க, நான்தான் உங்ககிட்டச் சொல்லல" என்றார். அவரும் குசுகுசுத்துத்தான் சொன்னார், ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னார். அக்காவுக்கு அந்த நிமிடம் அவர்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

"திருத்தம் போட்டுடறோம்மா" என்றார் ஆசிரியர். "கிடைத்த தகவலின் பேரில் வெளியான செய்தி தவறுன்னு நாலு வரி. உங்க பேரு வராது, கவலைப்படாதீங்க."

"வரணும் மேடம்."

"புரியலையே?"

"நாலு வரியில தப்புன்னு போட்டா ஒருத்தரும் நம்பமாட்டாங்க. பேக்கரிக்காரர் ஆளப் பிடிச்சு சரிக்கட்டிட்டாருன்னுதான் பேசுவாங்க. தப்பு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் போகும். நான் நோட்டீஸ முழுசாப் படிக்கல. அதத் தெருமுனைல போட்டேன். அதப் பாத்து நீங்க போட்டீங்க. எல்லாத்தையும் போடுங்க. அதே பக்கம், அதே இடம், அதே அகலம்."

ஆசிரியர் வெந்நீரை ஒரு மடக்கு குடித்தார். பையிலிருந்து எட்டிப் பார்த்த நோட்டைக் காட்டி அது என்ன என்று சைகையில் கேட்டார். அக்கா தயங்கினார். நிருபர் தரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அக்கா எடுத்துக் கொடுத்தார். ஆசிரியர் அட்டையைப் படித்தார், பக்கம் பக்கமாகப் புரட்டினார், பள்ளத்தில் தொடங்கி. பிறகு தன் கணினித் திரையை அக்கா பக்கம் திருப்பினார். முதலாவதாகத் திறந்திருந்தது தெருமுனை.

"காலைல வந்ததும் இதத்தாம்மா முதல்ல பாக்கறேன். நாலு வருஷமா."

"அப்ப பேரப் போட்டிருக்கலாமே?"

"போட்டிருந்தா, நம்ம ஆளு அப்ப என்ன பண்ணிட்டிருந்தாருன்னு மேல இருக்கறவங்க கேப்பாங்க. அதான் போடல. அது சரியில்ல, எனக்கும் தெரியும்." சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் சிரித்தார். "ஏழு வருஷம் காத்திருந்து, கடைசியில உங்க பேரு தப்புக்கா வரணும்?"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெயர் வரும் நாளை அவர் எத்தனையோ தடவை கற்பனை செய்து பார்த்திருந்தார்: நல்ல செய்தி, ஓரத்தில் ‘நன்றி: தெருமுனை’. அதற்கு அளவான இடம்கூட நோட்டில் எங்கே என்று யோசித்து வைத்திருந்தார். "பரவாயில்ல மேடம்" என்றார். "இதுக்குத்தான் அவசரம்."

நிருபரின் வேலை போகவில்லை. தண்டனையாகப் பெயரை எடுத்துவிடலாம் என்றால், ‘நமது நிருபர்’ என்பதைத் தவிர அவருக்குப் பெயரே கிடையாது. திருத்தத்தை அவரே உட்கார்ந்து எழுதவேண்டும் என்றார் ஆசிரியர். மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அடிவாங்கி, நான்காம் முறை ஒருவழியாகத் தேறியது.

செவ்வாய்க்கிழமை அதே பக்கத்தில், அதே இடத்தில், மூன்று பத்தி அகலத்தில் வந்தது. ‘பேக்கரிக்கு சீல் வைக்கப்படவில்லை. பூட்டப்பட்டது மாடியிலுள்ள மெத்தைக் கிடங்கு. முதலில் இந்தத் தவறு தெருமுனை வலைப்பதிவில் நேர்ந்தது. அவர்கள் அன்று மாலையே திருத்திவிட்டார்கள். அதைப் பார்த்து எழுதிய நாங்கள் திருத்தவில்லை. எங்கள் நிருபர் நேரில் செல்லவில்லை. கரப்பான் பூச்சியை யாரும் பார்க்கவில்லை.’

பத்து மணிக்குப் பேக்கரிக்காரர் மனைவி கடை வாசலில் வந்து நின்றார். கையில் அந்தப் பக்கம், நாலாக மடித்தது.

"முன்னூறு காப்பி வேணும். வீட்டுக்கு வீடு குடுக்கப்போறோம். நல்லாக் கருப்பா விழணும்."

"விழும் அண்ணி" என்றார் அக்கா.

புது டோனர் மாட்டினார். காகிதத்தை நேராக வைத்து மூடியை மூடினார். இயந்திரம் தன்பாட்டுக்கு அக்காவின் தப்பை முன்னூறு தடவை துப்பிக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றிலும் ‘தெருமுனை’ பளிச்சென்று தெரிந்தது. அண்ணி வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நூறாவது தாண்டியதும் உள்ளே வந்து, சூடாக வெளியே விழுந்த தாள்களை அடுக்கி அடுக்கி வைத்தார். இருநூற்றைம்பதில், "குழந்தை யாரு மாதிரி இருக்கு?" என்று அக்கா மெல்லக் கேட்டார். "மூக்கு மட்டும் எங்க வீட்டுது" என்றார் அண்ணி.

நகல்களில் பாதியை நிருபர் வந்து வாங்கிக்கொண்டார். வண்டியைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு நடந்தே போனார். தெருத் தெருவாகக் கதவைத் தட்டிக் கொடுத்தார், பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியையிடம், "அந்தக் கரப்பான் பூச்சி நான்தாங்க" என்று சொல்லிக் கொடுத்தார். சாயங்காலம் கால் வீங்கித் திரும்பியவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஹெல்மெட்டுக்குள் இருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார்.

"அக்கா, ஆறாவது சந்துல மூணு நாளா குப்பை எடுக்கல. ரேஷன் கடைக்குப் பின்னாடி மின்கம்பம் சாஞ்சு நிக்குது. ரெண்டையும் நேர்ல பாத்தேன். நீங்க முதல்ல போடுங்க, நான் அப்புறம் உங்க பேரோட எழுதறேன்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கம்பம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"இடது பக்கம்க்கா."

"நாளைக்குக் காலைல நானும் பாத்துட்டுப் போடறேன்" என்றார் அக்கா. டீ வாங்கிக் கொடுக்க மட்டும் மறக்கவில்லை.

புதன்கிழமை பதினொரு மணிக்குச் சந்து வழியாகப் பன் தட்டுகள் பள்ளிக்குப் போயின. பேக்கரிக்காரரே தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அக்கா கடையை விட்டு வெளியே வந்து, தட்டுகள் பள்ளி கேட்டுக்குள் போய் மறையும்வரை நின்றார். பன்னை எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் எப்போதும்போல ஆறு தட்டு இருந்தது.

அன்று வீட்டில் அக்கா முந்தின நாள் வெட்டிவைத்த திருத்தத்தை மேசைமேல் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கணவர் பசைக் குப்பியையும் நான்காவது களவு நோட்டையும் எடுத்துவந்து வைத்தார்.

"ஒட்டலையா? முதல்முதலா பேரு வந்திருக்கு."

"இத இதுல ஒட்ட முடியாதுங்க."

"ஏன்?"

"இது அவங்க எடுத்தது இல்ல. நான் குடுத்தது."

கணவர் ஒரு நிமிடம் அக்காவின் முகத்தையே பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, புது நோட்டு வாங்கக் கடைக்குப் போனார்.